பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: எது மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். இந்தக் கணக்கில் தள்ளுபடியான லேப்டாப்புகள் குமரி மாவட்டத்து அலமாரிகளில் நிறையவே கிடக்கின்றன. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்தவை, வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த அரபி எழுத்துக் கீபோர்டுக்காரப் பெட்டிகள், திருவனந்தபுரத்தில் பழையதாக வாங்கியவை என்று பல வகை.

இவற்றில் பெரும்பாலானவற்றில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் ஓடும். ஏதாவது ஒரு பாகம் ஓட மறுத்தால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். லினக்ஸுக்கு அந்தச் சிப்பே தெரியாது. அல்லது தெரியும், ஆனால் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லை. அல்லது அந்தப் பாகமே சாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் மூன்றாவதைத்தான் அடிக்கடி லினக்ஸ் தலையில் கட்டிவிடுகிறார்கள். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று லேப்டாப்பின் இணைப்பு முனைகளைச் சும்மா விடுவதில்லை. போதாததற்கு தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். ஆகவே எந்தக் கோளாறானாலும் இந்த மூன்றில் எது என்று பிரித்துக்கொண்டு அப்புறம் கை வையுங்கள்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை: எழுத்தெழுத்தாகக் கோடிட்டுக் கொடுத்திருப்பதை டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் கோடில்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்: சிப்பின் எண்

லேப்டாப்பின் மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு ஒரு வைஃபை கார்டும், அடுத்த தொகுதிக்கு வேறு கம்பெனி கார்டும் போட்டு விற்பது சர்வ சாதாரணம். பெட்டிக்குள் உண்மையில் இருக்கும் சிப் எது என்பதே முக்கியம்.

லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து, டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் அதோடு ஒட்டி என்-என்-கே என்பதும் கொடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் சதுர அடைப்புக்குள் நான்கு நான்காக எண்கள் வரும். முதல் நான்கு கம்பெனி, அடுத்த நான்கு சிப். 8086 இன்டெல், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக், 168சி ஏதெராஸ், 10டிஇ என்விடியா, 1002 ஏஎம்டி. யுஎஸ்பி வழியாக உள்ளே இணைந்திருக்கும் கேமரா, ப்ளூடூத் போன்றவற்றுக்கு எல்-எஸ்-யு-எஸ்-பி.

அந்தப் பட்டியலில் பாகத்துக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால், டிரைவர் இல்லை, முதல் காரணம். வரி இருந்தும் வேலை செய்யவில்லையா? எஸ்-யு-டி-ஓ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜி என்று அடித்து, வரும் நீண்ட பட்டியலில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். 'லோட் ஆகவில்லை' என்ற பொருளில் ஏதாவது இருந்தால் இரண்டாவது காரணம். இரண்டும் சரியாக இருந்து, ஒரு நேரம் வேலை செய்து ஒரு நேரம் படுத்துக்கொண்டால் மூன்றாவதைச் சந்தேகியுங்கள்.

பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை

பூட் மெனு விசையைச் சரியாகப் பிடிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். டெல், லெனோவோ எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கும் முன்பே வரும் அமைப்புத் திரை) எஃப்2 வழியாகப் போய் அந்த மெனுவை 'எனேபிள்' செய்தால்தான் வரும். சில லெனோவோக்களில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். அணைந்திருக்கும்போது அதை அழுத்தினால் மெனு வரும்.

2012க்கு முந்தைய பெட்டிகள் பெரும்பாலும் பழைய பயாஸ் முறை; பிந்தையவை அதன் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது பழையதற்கு எம்பிஆர் முறை, புதியதற்கு ஜிபிடி முறை. இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் பென்டிரைவில் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் எழும், லினக்ஸின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் போதும்.

பென்டிரைவ் எழுந்து, உடனே '64 பிட் ப்ராசசர் தேவை, இருப்பது ஐ686' என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றுவிட்டால், அது இன்டெலின் ஆட்டம் என்270 போன்ற 32 பிட் நெட்புக். 2008 முதல் 2010 வரை விற்ற சின்னத் திரைப் பெட்டிகளில் இது அதிகம். லினக்ஸ் வகைகளான உபுண்டுவும் மின்ட்டும் இதை எப்போதோ கைவிட்டுவிட்டன. டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் நிறுவியை நிறுத்திவிட்டது. டெபியன் 12, ஆன்டிஎக்ஸ் 23 இரண்டும் ஏறும். ஆனால் குரோம் 2016இலேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது, ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு விடைபெற்றது. என் கருத்து: அந்த நெட்புக்கைப் பாட்டுக் கேட்கவும் கடிதம் அடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கி வேலைக்கு வேண்டாம்.

இன்னொரு விசித்திர வகை உண்டு. 2014 வாக்கில் வந்த, ஆட்டம் இசட்3735எஃப் போட்ட டேப்லட்-லேப்டாப்புகள். ப்ராசசர் 64 பிட், யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட். பல லினக்ஸ் பென்டிரைவ்கள் இதில் எழவே எழாது. டெபியனை முயலுங்கள்.

இன்ஸ்டாலர் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காட்டவில்லை என்றால், பயாஸில் சாட்டா முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஹெச்சிஐக்கு மாற்றினால் தெரியும். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதை முதலில் சேஃப் மோடில் எழுப்பத் தயார் செய்துவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும்.

நிறுவி முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் 'பூட்டபிள் டிவைஸ் இல்லை' என்று வருவது சில ஏசர், ஹெச்பி பெட்டிகளின் குணம். விண்டோஸின் கோப்பை மட்டுமே தேடும் பழக்கம் அவற்றின் ஃபர்ம்வேருக்கு. ஏசரில் பயாஸுக்கு ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் செக்யூர் பூட் (நம்பகமான கோப்பை மட்டும் எழுப்பும் காவல்) பகுதியே திறக்கும். அங்கே லினக்ஸின் இஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகச் சேர்க்கலாம். அந்தப் பாஸ்வேர்டை எங்காவது எழுதி வையுங்கள். மறந்தால் மதர்போர்டையே கழற்றி உட்கார வேண்டிவரும்.

எழுகிறது, ஆனால் திரை கறுப்பு

லைட்டை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் கிராபிக்ஸ் வேலை செய்கிறது, பேக்லைட் மட்டும்தான் எரியவில்லை. பூட் வரியில் (அதைத் திருத்தும் முறை அடுத்த பத்தியில்) ஏ-சி-பி-ஐ, அண்டர்ஸ்கோர், பேக்லைட், சமக்குறி, வென்டர் என்று சேர்த்துப் பாருங்கள். சரிவராவிட்டால் வென்டருக்குப் பதில் நேட்டிவ். விண்டோஸிலும் இதே இருட்டுதான் என்றால் திரையின் கேபிளோ பேனலோ போய்விட்டது.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் நோமோட்செட். நோ, மோட், செட் மூன்றையும் ஒட்டி ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழும்போது வரும் க்ரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சேர்த்து, எஃப்10 அழுத்த வேண்டும். மின்ட்டின் பென்டிரைவில் 'கம்பேட்டிபிளிட்டி மோட்' என்ற தேர்வே இருக்கிறது, அதைத் தட்டினால் இந்த வேலை மிச்சம். ஆனால் இது படம் வர வைக்கும் ஊன்றுகோல் மட்டுமே. நிரந்தரமாக வைத்திருந்தால் வீடியோ திணறும், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. நிறுவிய பிறகு சரியான டிரைவரைப் போட்டு இதை எடுத்துவிடுங்கள்.

இன்டெல் கிராபிக்ஸுக்குத் தனி டிரைவர் ஏதும் தேவையில்லை. விதிவிலக்கு ஆட்டம் என்2600, என்2800 வரிசை: உள்ளே இருப்பது பவர்விஆர் கிராபிக்ஸ், படம் வரும், முப்பரிமாண முடுக்கம் வராது. யூடியூப் பார்க்க அது உதவாது. ஏஎம்டி ரேடியானுக்கு ஃபர்ம்வேர் பொட்டலம் (பேக்கேஜ்) இருந்தால் போதும்.

என்விடியாதான் தலைவலி. ஜீஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகளுக்கு உரிய 340 டிரைவரை என்விடியா 2019 முடிவோடு நிறுத்திவிட்டது. 400, 500 வரிசைகளின் 390 டிரைவர் 2022இல் நின்றது. புதிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இவற்றைத் திணிக்க இணையத்தில் ஒட்டுகள் கிடைக்கும். அடுத்த அப்டேட்டில் மறுபடி உடையும் என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். கெர்னலோடு வரும் நூவோ டிரைவரிலேயே இருந்துவிடுங்கள். விளையாட்டு ஓடாது, மற்றதெல்லாம் ஓடும்.

திரையில் கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ வருகிறதென்றால் ஒரே சோதனை: கம்பெனி லோகோ வரும்போதும், பயாஸுக்குள்ளும் அதே கோடுகள் இருக்கின்றனவா? இருந்தால் லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. 2008 வாக்கில் வந்த சில என்விடியா லேப்டாப் சிப்புகளின் பொதிப்புப் பொருள் பலவீனமானது என்று அந்த நிறுவனமே அப்போது அறிவித்தது. சிப்பைச் சூடுகாட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள், திரும்ப வந்துவிடும்.

"லினக்ஸ் போட்டதும் வைஃபை போச்சுண்ணே"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். டிரைவரைத் தேடும் முன் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, எல்-ஐ-எஸ்-டி என்று அடியுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்' யெஸ் என்றால் அதே கட்டளையில் கடைசிச் சொல்லுக்குப் பதில் அன்பிளாக், இடைவெளி, ஆல். 'ஹார்ட் பிளாக்ட்' யெஸ் என்றால் லேப்டாப்பின் முன்விளிம்பில் அல்லது பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும், தள்ளிவிடுங்கள். பையில் வைத்து எடுக்கும்போதே அது நகர்ந்துவிடும்.

அடுத்து இணையம். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்று திண்டாட வேண்டாம். மொபைலை டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே பார்க்கும். மின்ட்டிலும் உபுண்டுவிலும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

முடியவில்லையா, கம்பெனி எண்ணுக்குப் போங்கள்.

168சி, அதாவது ஏதெராஸ், அதுவும் ஏஆர்9285 போன்ற பழையது என்றால் உங்களுக்கு யோகம். ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம், செருகியதும் ஓடும். 8086, அதாவது இன்டெலுக்கு ஃபர்ம்வேர் மட்டும் வேண்டும். டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே அது சேர்ந்து வருகிறது. பழைய டெபியன் ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு போராடுகிறவர்கள் புதியதை இறக்கினாலே போதும்.

14இ4 பிராட்காம் என்றால் அடுத்த நான்கு எண்களைக் கவனியுங்கள். 4315 என்றால் பிசிஎம்4312: பி43 டிரைவர், அதற்கென்று உள்ள எல்பி-ஃபை ஃபர்ம்வேர் நிறுவி. 4727 என்றால் பிசிஎம்4313: கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உண்டு. 4365 என்றால் பிசிஎம்43142: பிராட்காமின் சொந்த எஸ்டிஏ டிரைவர்தான் வழி. இந்த எஸ்டிஏ டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகத் தொகுக்க வேண்டும், அதனால் கெர்னல் ஹெட்டர் பொட்டலமும் இருக்க வேண்டும். 'நேற்றுவரை ஓடிச்சு, அப்டேட் போட்டதும் நின்னுச்சு' என்றால் காரணம் இதுவாக இருக்கும்; க்ரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்து எழுப்பினால் வைஃபை திரும்பிவிடும். செக்யூர் பூட் ஆனில் இருந்தாலும் இந்த டிரைவர் ஏறாது. இவ்வளவு பழைய பெட்டியில் அதை ஆஃப் செய்துவிடுவது எளிது.

10இசி ரியல்டெக்கில் ஆர்டிஎல்8723பிஇ தனிக் கதை. ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பிடிக்கும், அடுத்த அறைக்குப் போனால் காணாமல் போகும். சில லேப்டாப்புகளில் ஒரே ஓர் ஆன்டெனாவைத்தான் கம்பெனி இணைத்திருக்கிறது, டிரைவரோ மற்ற முனையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இ-டி-சி ஃபோல்டருக்குள் மோட்ப்ரோப் (எம்-ஓ-டி-பி-ஆர்-ஓ-பி-இ) புள்ளி டி என்ற ஃபோல்டரில் புள்ளி கான்ஃப் (சி-ஓ-என்-எஃப்) என்று முடியும் ஒரு கோப்பு உண்டாக்கி, ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்-டி-எல்-8723-பி-இ, இடைவெளி, ஏ-என்-டி அண்டர்ஸ்கோர் எஸ்-இ-எல், சமக்குறி 2 என்று ஒரே வரி எழுதுங்கள். சேமித்து ரீஸ்டார்ட். 2 பலிக்காவிட்டால் 1.

மற்றவர்களின் வைஃபை தெரிகிறது, சொந்த வீட்டு ரவுட்டர் மட்டும் தெரியவில்லை என்றால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். மேலே சொன்ன பழைய கார்டுகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். அல்லது 12, 13ஆம் சேனலில் உட்கார்ந்திருக்கலாம். 1, 6, 11 ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால் ரவுட்டரில் டபிள்யுபிஏ3 இருக்கும். டபிள்யுபிஏ2க்கு இறக்குங்கள்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்றிவிடலாம் என்று தோன்றலாம். சில பழைய ஹெச்பி, லெனோவோ பயாஸ்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் எழவே மறுக்கும். யுஎஸ்பி டாங்கிள் எளிது. ஏஆர்9271, எம்டி7601யு, எம்டி7612யு சிப் உள்ளவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. பெட்டியின் மேல் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யுஎன்722என் முதல் பதிப்பில் ஏஆர்9271 இருந்தது, இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக். பெயர் ஒன்றுதான், சாமான் வேறு.

சத்தம் வரவில்லை

ஒலி அமைப்பில் வெளியீடு ஹெச்டிஎம்ஐ என்று தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். அதை ஸ்பீக்கருக்கு மாற்றினால் பலருக்கும் முடிந்துவிடும். இல்லையென்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சர் (ஏ-எல்-எஸ்-ஏ-எம்-ஐ-எக்ஸ்-இ-ஆர்) என்று அடித்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்து, கீழே இரண்டு 'எம்' இருக்கும் பட்டைகளில் எம் விசையை அழுத்தி ஊமைத்தனத்தை நீக்குங்கள்.

ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் இல்லை என்றால் கடற்கரைக் கோளாறு. ஜாக்கின் உள் சுவிட்சில் துரு ஏறினால், ஹெட்போன் எப்போதும் செருகியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும். ஆல்சாமிக்சரில் 'ஆட்டோ-மியூட்' என்பதை டிசேபிள் செய்யுங்கள். ஹெட்போனைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தாலே சில நேரம் சரியாகும்.

மூடித் திறந்தால் டச்பேட் செத்துவிடுகிறது

எஸ்-யு-டி-ஓ மோட்ப்ரோப், இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, பி-எஸ்-மவுஸ். அப்புறம் மைனஸ் ஆர் இல்லாமல் அதையே மறுபடி. உயிர் வரும். தொடக்கத்திலிருந்தே டச்பேட் தெரியவில்லை என்றால் பூட் வரியில் ஐ8042 புள்ளி நோ-பி-என்-பி சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஒரு மவுஸ் வாங்குவது மலிவு.

இணையம் இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

கடிகாரத்தைப் பாருங்கள். 2009 ஜனவரி 1 போல ஏதோ ஒரு பழைய தேதி இருக்கும். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறானால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும். பிரவுசர் எச்சரிக்கும், அப்டேட்டும் 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும். மெயின் பேட்டரியும் போய், கரண்ட் போகும்போதெல்லாம் மொத்தமாக அணைகிற பெட்டிகளில் இது வாடிக்கை. கூடவே பயாஸ் அமைப்பும் அழிந்து, சாட்டா முறையும் பூட் முறையும் பழைய நிலைக்குப் போய்விடுவதால், திடீரென்று லினக்ஸ் எழாமலும் போகும். சில பத்து ரூபாய் பேட்டரி இரண்டுக்கும் மருந்து.

உறைகிறது, ஊர்கிறது, தானாக அணைகிறது

செலரான் என்2830, என்2840, பென்டியம் என்3540 போன்ற பே டிரெய்ல் ப்ராசசரில் திரை அப்படியே உறைந்து, மவுஸும் நகராமல் போனால், பூட் வரியில் இன்டெல் அண்டர்ஸ்கோர் ஐடில் புள்ளி மேக்ஸ் அண்டர்ஸ்கோர் சி-ஸ்டேட், சமக்குறி 1 சேர்த்துப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், உறைவது நிற்கும்.

மற்றவற்றில் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க். 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளின் மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் கல்யாண ஃபோட்டோக்களை இன்றைக்கே வேறிடத்தில் நகலெடுங்கள். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லதாகவே இருக்கலாம், இணைப்பு முனைதான் கெட்டிருக்கும். கழற்றித் துடைத்து மாட்டினால் நிற்கும். பழைய பெட்டிக்குச் செய்யும் செலவில் பலன் தருவது ஒரு சாட்டா எஸ்எஸ்டி. ராமை 4 ஜிபி ஆக்குவது அதற்கு அடுத்தது. டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒன்றல்ல: முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. எல் மட்டுமே ஏற்கும் பெட்டியில் மற்றதைப் போட்டால் எழாது.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை காட்டி விழுந்தால் ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். பிழை வந்தால் உடனே புது ராம் வாங்காதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முனைகளில் படலமாகப் படியும், அதில் மின்சாரம் கசியும், உலோகமும் அரிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ராமின் பொன்னிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி மறுபடி மெம்டெஸ்ட். ஜூன், ஜூலை மழையில் வரும் கோளாறுகள் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

வீடியோ பார்க்கும்போது மட்டும் சட்டென்று அணைந்தால் சூடு. சென்சார்ஸ் கட்டளை 90ஐத் தாண்டிக் காட்டினால் விசிறியில் தூசி அடைத்திருக்கிறது, தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

பிரிண்டர்

பிரிண்டர் லேப்டாப்பின் பாகமில்லைதான். ஆனால் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இதையே. ஹெச்பி லேசர்ஜெட் 1020 தன் ஃபர்ம்வேரை நினைவில் வைத்துக்கொள்ளாது, ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினி அனுப்ப வேண்டும். ஹெச்பியின் லினக்ஸ் பிரிண்டர் மென்பொருளான ஹெச்பிலிப்பும் அதே பதிப்பு எண்ணுள்ள ப்ளகினும் போட்டால் ஓடும்; ஹெச்பிலிப் அப்டேட் ஆனதும் ப்ளகினையும் மறுபடி போட வேண்டும். கேனன் எல்பிபி2900 அவ்வளவு சுலபமில்லை. அதன் கேப்ட் டிரைவர் பழையது, 64 பிட்டில் 32 பிட் நூலகங்களைக் கேட்கும், பாதி அச்சில் தொங்கும் பழக்கமும் உண்டு. அந்தப் பிரிண்டரை நம்பிக் கடை நடத்துகிறவர்கள், லைவ் பென்டிரைவில் டிரைவரைப் போட்டு ஐம்பது பக்கம் தொடர்ந்து அடித்துப் பாருங்கள். தொங்கினால் அந்தப் பிரிண்டர் இருக்கும் பெட்டியில் மட்டும் விண்டோஸை இணையத்தோடு இணைக்காமல் விட்டுவைத்து, மற்றப் பெட்டிகளுக்கு லினக்ஸ் போடுங்கள்.